படகில் ஏறாமல் ஃபெர்மனாவைப் பார்க்க முடியாது

அயர்லாந்துக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே சுற்றைத்தான் சுற்றுகிறார்கள். டப்ளின், மோஹர் செங்குத்துப் பாறைகள், கால்வே, நேரம் மிச்சமிருந்தால் வடக்கே ஜயண்ட்ஸ் காஸ்வே. நான்கும் பார்க்க வேண்டிய இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வட அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஃபெர்மனா கவுன்ட்டியில் ஒரு முழு ஏரி நாடு இருக்கிறது. மேல் எர்ன், கீழ் எர்ன் என்ற இரண்டு பெரிய ஏரிகள், அவற்றை இணைக்கும் ஆறு, எண்ணி முடியாத தீவுகள். அங்கே போனேன் என்று சொல்பவர்களை நான் அபூர்வமாகத்தான் சந்திக்கிறேன். போய்வந்தவர்களிலும் பலர் ஒரு மலையில் ஏறி, ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: இந்த நாட்டுக்கு ராஜபாட்டை தண்ணீர். இன்றைய கார்ச் சாலைகள் எல்லாம் பின்னால் வந்தவை. மடாலயமோ கோட்டையோ போர்க்காலத் தளமோ, இங்கே எதைக் கட்டியவர்களும் ஏரியைப் பார்த்துத்தான் வாசல் வைத்தார்கள். சாலை வழியாக வருகிறவர் எல்லாவற்றையும் கொல்லைப்புறத்திலிருந்துதான் பார்க்கிறார். ஃபெர்மனாவின் முக்கிய நகரமான என்னிஸ்கில்லனுக்கு ரயில்கூட இல்லை. இருந்த பாதையை 1957-இல் மூடிவிட்டார்கள். பெல்ஃபாஸ்டிலிருந்தும் டப்ளினிலிருந்தும் பஸ் வருகிறது, அவ்வளவுதான்.

முதலில் நில அமைப்பு. எர்ன் ஆறு தெற்கே கேவன் கவுன்ட்டியில் பிறந்து, சிறு ஏரிகள் பலவற்றைக் கோத்துக்கொண்டு வடக்கே வருகிறது. மேல் எர்ன் ஏரி என்று பெயர்; பார்த்தால் ஏரி மாதிரியே இருக்காது. பனியுகத்தில் பனியாறுகள் முட்டை வடிவத்தில் குவித்துவிட்டுப்போன சிறு குன்றுகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. டிரம்லின் என்பார்கள். பள்ளங்களில் தண்ணீர் நிரம்பியதும் குன்றுகளின் தலைகள் தீவுகளாகிவிட்டன. எது தீவு, எது கரை, எது வந்த வழி என்று தெரியாமல் படகோட்டிகளே வழிக்குறிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் போகிறார்கள். பிறகு ஆறு குறுகி, என்னிஸ்கில்லன் நகரத்தை இரு கையாலும் அணைத்துக்கொண்டு ஓடுகிறது. நகரத்தின் பழைய பகுதி ஒரு தீவு. அதைத் தாண்டினால் கீழ் எர்ன் விரிகிறது. நாற்பது கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 60 மீட்டருக்கு மேல் ஆழம், மேற்குக் காற்று வீசினால் கடல் போலவே அலை. கடைசியில் பெலீக் வழியாக அயர்லாந்து குடியரசின் எல்லை தாண்டி, பாலிஷானன் என்ற ஊரில் அட்லாண்டிக்கில் கலக்கிறது.

ஆண்டில் பாதி நாள் ஏரி ஃபெர்மனாவில் இருக்கும், மறுபாதி ஃபெர்மனா ஏரியில் இருக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதுண்டு. வெள்ளக் காலத்தில் மேல் எர்ன் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல என்பது புரியும்.

கோடையில் என்னிஸ்கில்லனின் ரவுண்ட் ஓ படகுத்துறையிலிருந்து சுற்றுலாப் படகு புறப்படுகிறது. சற்று நேரத்தில் டெவனிஷ் தீவு. ஏரியின் வளைவு ஒன்றைத் தாண்டியதும் கூம்புத் தொப்பி போட்ட ஒரு கல் கோபுரம் எழுகிறது. பக்கத்தில் இடிந்த தேவாலயங்கள், சுற்றிலும் பச்சைப் புல், மேயும் மாடுகள். 6-ஆம் நூற்றாண்டில் புனித மொலைஷ் இங்கே மடம் நிறுவினார். இன்று பார்த்தால் உலகத்தை வெறுத்து ஒதுங்கியவர் தேர்ந்தெடுத்த இடம் என்று தோன்றும். நீர்வழியை வைத்துப் பாருங்கள். மேல் ஏரியிலிருந்து கீழ் ஏரிக்குப் போகிற ஒவ்வொரு படகும் இந்தத் தீவை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அன்றைய நாற்சந்தி இது. துறவிகள் ஒதுங்கி வாழவில்லை, நடுத்தெருவில்தான் வாழ்ந்தார்கள்.

நடுத்தெருவில் இருந்ததற்கு விலையும் கொடுத்தார்கள். 837-இல் வைக்கிங்குகள் வந்து சூறையாடினார்கள். அதே தண்ணீர் அவர்களுக்கும் வழிவிட்டது. 1157-இல் மடம் தீக்கிரையானது. அந்தக் கோபுரம் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுமார் 25 மீட்டர் உயரம். வாசல் தரையிலிருந்து இரண்டரை மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஏணி வைத்தால்தான் ஏற முடியும். மணி அடிக்கவும், ஆபத்து வந்தால் விலையுயர்ந்தவற்றைப் பத்திரப்படுத்தவும் இத்தகைய கோபுரங்கள் அயர்லாந்து முழுவதும் கட்டப்பட்டன. டெவனிஷில் இருப்பது அவற்றில் மிக முழுமையாக எஞ்சியவற்றுள் ஒன்று. அடியில் நின்று கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லின் முகமும் கோபுரத்தின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கற்களுக்கு நடுவே நகம் நுழையக்கூட இடம் தேட வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கூம்புக்குக் கீழே, நான்கு திசைச் சாளரங்களுக்கு மேல், நான்கு மனித முகங்கள். தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை சரியாகத் தெரியவே தெரியாது. அந்த உயரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காமல் ஒரு சிற்பி வேலை செய்திருக்கிறான். கையில் இருநோக்கி இல்லாமல் இந்தத் தீவுக்குப் போகாதீர்கள்.

தீவின் மேட்டில் 15-ஆம் நூற்றாண்டு அகஸ்டீனிய மடத்தின் இடிபாடு இருக்கிறது. கீழே 13-ஆம் நூற்றாண்டுப் பெரிய தேவாலயம். மொலைஷின் வீடு என்று சொல்லப்படும் மிகச் சிறிய கட்டடம் ஒன்றும் உண்டு. சுவர்கள் தடிமனானவை, ஒரு காலத்தில் கல் கூரையே இருந்தது. எனக்கு எல்லாவற்றையும் விட அந்தச் சிறிய வீடுதான் பிடித்தது. பெரிய கட்டடங்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன.

மொலைஷின் நற்செய்தி நூலைப் பாதுகாக்க 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட உலோகப் பேழை ஒன்று உண்டு. நான்கு நற்செய்தியாளர்களின் சின்னங்களும் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரே குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது. இன்று டப்ளினில் கில்டேர் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. முடிந்தால் அதை முதலில் பார்த்துவிட்டு டெவனிஷுக்குப் போங்கள். உள்ளங்கை அகலப் பேழையைப் பார்த்த பிறகு, மடத்துக்காரர்கள் எதைக் காப்பாற்றிக்கொண்டு அந்த உயர வாசலில் ஏறினார்கள் என்று மனம் தானாகவே கற்பனை செய்துகொள்ளும்.

கீழ் எர்னில் இன்னும் வடக்கே, கிழக்குக் கரையை ஒட்டி வொயிட் தீவு. காசில் ஆர்ச்டேல் படகுத்துறையிலிருந்து கோடையில் சிறு படகு ஓடும். சில பருவங்களில் ஓடுவதில்லை என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். தீவில் இருப்பது கூரையில்லாத ஒரு சிறிய தேவாலயம். அதன் வளைந்த ரோமனெஸ்க் வாசல் அழகானது. ஆனால் உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் வரிசையாக நின்று நம்மைப் பார்க்கும் உருவங்கள்தான் ஆளை நிறுத்திவிடுகின்றன.

மொத்தம் எட்டுக் கற்கள். தேவாலயத்தைவிட இவை பழையவை. 9 அல்லது 10-ஆம் நூற்றாண்டுக்காலத்தவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பின்னால் தேவாலயம் கட்டியவர்கள் இவற்றைச் சாதாரணக் கட்டுமானக் கற்களாகச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். பல நூற்றாண்டுகள் இருட்டிலேயே இருந்து, 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுவருக்குள் இருந்ததால்தான் மழை இவற்றின் முகத்தை அழிக்கவில்லை.

இடமிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். முதலில் கால் பரப்பி உட்கார்ந்து கன்னம் உப்பச் சிரிக்கும் பெண் உருவம். தேவாலயத்துக்குள் இது எப்படி என்று முதல் பார்வையிலேயே கேள்வி எழும். அடுத்து மடியில் நூலோடு உட்கார்ந்திருப்பவர். பிறகு ஒரு கையில் மணியும் மறு கையில் மேய்ப்பர் கோலும் பிடித்த மடத்தலைவர். அதற்கடுத்தவர் தன் வாயைத் தொட்டுக் காட்டுகிறார். சங்கீதம் பாடிய தாவீது அரசர் என்பது ஒரு கருத்து. சிறகுள்ள இரண்டு விலங்குகளைக் கழுத்தில் பற்றியபடி ஒருவர். வாளும் கேடயமும் ஏந்திய வீரர். அதன் பிறகு ஒரு கல், உருவத்தின் வெளிக்கோடு மட்டும் வெட்டப்பட்டு, முகமோ கையோ இல்லாமல் பாதியில் நிற்கிறது. கடைசியில் முறைத்த முகம் ஒன்று தனியாக.

முடிக்கப்படாத அந்தக் கல்லின் முன்புதான் நான் அதிக நேரம் நின்றேன். மற்ற ஏழும் முடிந்த பிறகு இது ஏன் நின்றுபோனது? கல்லில் கீறல் விழுந்ததா, பணம் தீர்ந்ததா, சிற்பி இறந்துபோனானா, படகுகளில் யாராவது வந்துவிட்டார்களா? பக்கத்திலேயே முழுமையான உருவங்கள் இருப்பதால், உளி எந்த வரிசையில் வேலை செய்தது என்பதை இங்கே கண்ணால் படிக்கலாம். முதலில் உடல் வடிவம், பிறகு தலை, பிறகுதான் கண். உருவங்களின் தலைமேல் குழி வெட்டியிருக்கிறார்கள். ஏதோ ஒன்றைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை என்று அதை வைத்துச் சொல்கிறார்கள், பிரசங்க மேடையின் படிகளாக இருக்கலாம். முகம் முடிந்த ஏழு பேரும் பூனைக் கண் போல உருண்டு திரண்ட கண்களோடு ஏரிக் காற்றில் நிற்கிறார்கள்.

வடகரையில் போவா தீவுக்கு இப்போது பாலம் உண்டு. காரிலேயே போய்விடலாம். சாலையோரத்தில் நிறுத்திவிட்டு ஒரு பண்ணைப் பாதையில் இறங்கினால் கால்ட்ரா என்ற பழைய இடுகாடு வருகிறது. சாய்ந்த கல்லறைகள், ஹேசல் புதர், நடுவே இரண்டு முகம் கொண்ட ஒரு கல் உருவம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பேர். பெரிய வாதுமைக் கண்கள், கூரிய முகவாய், மார்பில் குறுக்கிட்ட கைகள், இடுப்பில் பட்டை. இரு தலைகளுக்கும் நடுவே பின்னல் கோடுகள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வம் என்று ஒரு சாராரும், தொடக்கக் கிறிஸ்தவக் காலத்தது என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். பக்கத்திலேயே சிறிய உருவம் ஒன்றும் உண்டு. லஸ்டி மோர் என்ற அண்டைத் தீவிலிருந்து 1939-இல் கொண்டுவந்து வைத்தார்கள். பெரிய உருவத்தின் தலையில் உள்ள குழியில் வருகிறவர்கள் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உலோகம் மழையில் கரைந்து கல்லைக் கறைப்படுத்தும். பூட்டும் காவலும் கட்டணமும் இல்லாமல் இப்படி ஒரு சிற்பத்தைத் திறந்த வெளியில் நம்பி விட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்காவது மரியாதை கொடுக்க வேண்டும்.

கோட்டைகளுக்கு வருகிறேன். என்னிஸ்கில்லன் கோட்டையை 15-ஆம் நூற்றாண்டில் மக்வயர் குலத்தார் கட்டினார்கள். படகுப் படையை வைத்து ஏரிகளை ஆண்டவர்கள் அவர்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய நிலங்களைப் பறித்து, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த குடியேறிகளுக்கு மன்னர் ஆட்சி பங்கிட்டுக் கொடுத்தது. புதியவர்கள் கட்டிய கோட்டைகள் ஏரிக்கரை நெடுகிலும் இடிந்து நிற்கின்றன. அவற்றில் டல்லி கோட்டையின் கதை கொடுமையானது. 1641 கிளர்ச்சியில் ரோரி மக்வயரின் ஆட்கள் அதை முற்றுகையிட்டார்கள். உயிருக்கு உறுதி தந்ததை நம்பி உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். மறுநாள், கிறிஸ்துமஸ் தினத்தில், பெண்கள் குழந்தைகள் உட்படப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். கோட்டை எரிக்கப்பட்டது, அதன் பிறகு அதில் யாரும் குடியேறவில்லை. இன்று அழகான மூலிகைத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் அழகை என்னால் அமைதியாக ரசிக்க முடியவில்லை. நிலம் பறித்தவர்கள், பறிகொடுத்தவர்கள் இரு தரப்பின் காயமும் இந்த நாட்டில் அண்மைக்காலம் வரை ஆறவில்லை. என்னிஸ்கில்லன் போர் நினைவுச்சின்னத்தில் 11 வெண்கலப் புறாக்களைப் பார்ப்பீர்கள். 1987 நவம்பர் 8-ஆம் தேதி, நினைவேந்தலுக்குக் கூடியவர்கள் மீது குண்டு வெடித்து இறந்த 11 பேருக்காக வைக்கப்பட்டவை அவை.

நகரத்தை ஒட்டியே காசில் கூல் மாளிகை இருக்கிறது. ஜேம்ஸ் வயட் வடிவமைத்து 1790-களில் முடிந்தது. வெளிச்சுவர் முழுக்க இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து வந்த போர்ட்லண்ட் கல். கப்பலில் பாலிஷானன் வரை, அங்கிருந்து வண்டியில் அருவிகளைச் சுற்றி, மறுபடி ஏரிப் படகில் என்னிஸ்கில்லன் வரை, கடைசியில் மாட்டு வண்டி. ஏரி மட்டும் இல்லாவிட்டால் அந்த மாளிகையே இல்லை. கட்டிய பிரபு பெரும் கடனோடு 1802-இல் இறந்தார். உள்ளே போகிறவர்கள் நாற்காலிகளையும் பட்டுத் திரைகளையும் விட அந்தக் கல்லின் வெண்மையைக் கவனிக்க வேண்டும் என்பேன்.

மேற்கே காசில் கால்ட்வெல் காட்டின் நுழைவாயிலில் வயலின் வடிவில் செதுக்கிய ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1770 ஆகஸ்டில், சீமானின் உல்லாசப் படகில் வாசித்துக்கொண்டிருந்த டெனிஸ் மக்கேப் என்ற வயலின் கலைஞர் தவறி விழுந்து மூழ்கிப்போனார். வாசிக்கிறவர்களே, உங்கள் கலையையும் குடியையும் உறுதியான தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அந்தக் கல் பாட்டாக எச்சரிக்கிறது. ஒரு சாதாரண வாத்தியக்காரருக்கு அந்தக் காலத்தில் பெயர் பொறித்த கல் கிடைத்திருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

வொயிட் தீவுக்குப் படகு ஏறும் காசில் ஆர்ச்டேலை அப்படியே தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் அது நீர்விமானத் தளம். தண்ணீரிலிருந்தே எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும் சண்டர்லண்ட், கேட்டலினா விமானங்கள் இங்கே நின்றன. வேலை, அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடுவது. ஒரு சிக்கல் இருந்தது. கடலுக்கு நேர் வழியில் நடுநிலை வகித்த அயர்லாந்தின் டோனெகல் நிலம் கிடந்தது. அதன் மேல் பறக்கக் கூடாது. சுற்றிப் போனால் எரிபொருள் வீண். 1941-இல் அயர்லாந்து அரசு சத்தமில்லாமல் ஒரு குறுகிய வான்வழியை அனுமதித்தது. நடுநிலை நாடு செய்த இந்த உதவி அன்று வெளியே பேசப்படவில்லை. அந்த ஆண்டு மே 26-ஆம் தேதி அதிகாலை இந்த ஏரியிலிருந்து கிளம்பிய கேட்டலினா ஒன்றுதான் தப்பி ஓடிக்கொண்டிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கைக் கண்டுபிடித்தது. மறுநாள் பிஸ்மார்க் மூழ்கடிக்கப்பட்டது. அன்று விமானங்களை நிறுத்திய கான்கிரீட் தளத்தில் இன்று கேரவன் வண்டிகள் நிற்கின்றன. விடுமுறைக்கு வந்த குழந்தைகள் அங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

இனி, எல்லோரும் போகும் அந்த மலை. குயில்கா, 665 மீட்டர். ஃபெர்மனாவுக்கும் கேவனுக்கும், அதாவது இரண்டு நாடுகளுக்கும், எல்லை அதன் உச்சியில் ஓடுகிறது. 2015-இல் மரப்பலகை நடைபாதையும் செங்குத்தான படிகளும் போட்டார்கள். சொர்க்கத்துக்கான படிக்கட்டு என்று இணையம் பெயர் சூட்டியது, படங்கள் பரவின, கூட்டம் பெருகியது. வார இறுதிகளில் கீழே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே பாடு.

அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதை அறிந்து ஏறுகிறவர்கள் குறைவு. காலுக்குக் கீழே இருப்பது பீட் எனப்படும் கரிய மக்குமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மக்கி மக்கி உண்டான போர்வை. நடந்தால் அறுபட்டுவிடும், அறுபட்டால் எளிதில் ஆறாது. முழுமையாக இருக்கும்போது பெரும் மழையை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். எரிபொருளுக்காக இயந்திரம் வைத்து இந்த மண்ணை வெட்டிய காலத்தில் மழை தங்காமல் ஒரேயடியாக வழிந்து, மலையடியில் இருக்கும் மார்பிள் ஆர்ச் குகைகள் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கின. அதன் பிறகுதான் 1990-களின் இறுதியில் மலையைப் பூங்காவாக்கி, வடிகால்களை அடைத்து, மண்ணைச் சீராக்கத் தொடங்கினார்கள். மலைமேல் ஒருவர் பலகையை விட்டு இறங்கி படத்துக்காக மண்ணில் நிற்கும்போது, கீழே ஒரு குகையின் கூரையை மிதிக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை. பலகையை விட்டு இறங்காதீர்கள். நாய்களையும் அழைத்துப்போகாதீர்கள்.

குகைகளைத்தான் நான் மலைக்கு முன்னால் வைப்பேன். 1895-இல் பிரெஞ்சுக்காரர் எடுவார் மார்ட்டெல், டப்ளின் இயற்கையியலாளர் லிஸ்டர் ஜேம்சன் இருவரும் மெழுகுவர்த்தியோடும் கித்தான் படகோடும் உள்ளே நுழைந்தார்கள். 1985-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. மலையிலிருந்து இறங்கும் மூன்று ஓடைகள் பாறைக்குள் மறைந்து, பூமிக்கடியில் சேர்ந்து, மார்பிள் ஆர்ச் என்ற இயற்கை வளைவருகே ஒரே ஆறாக வெளியே வருகின்றன. தண்ணீர் அளவு ஒத்துழைத்தால் அந்த நிலத்தடி ஆற்றில் படகிலேயே கொண்டுபோவார்கள். ஓரிடத்தில் ஆற்றின் நடுவே சுவர் எழுப்பிப் பாதை அமைத்திருக்கிறார்கள். நாம் நனையாமல் நடக்கிறோம், இரு பக்கமும் தண்ணீர் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. விவிலியக் கதையை வைத்து அதற்கு மோசஸ் நடை என்று பெயர். சுற்றிலும் இருக்கும் சுண்ணாம்புப் பாறை சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலின் அடியில் படிந்தது. வழிகாட்டி ஒருவர் விளக்கைச் சுவர் மேல் சாய்த்துப் பிடித்து, அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளைக் காட்டினார். ஒவ்வொன்றும் மிளகு அளவு. விளக்கை எடுத்ததும் மறைந்துவிட்டன. மழை பலமானால் குகையை மூடிவிடுவார்கள், ஏமாற்றம் வேண்டாம். 2008-இல் இந்தப் பூங்கா எல்லை தாண்டி கேவனுக்கும் விரிந்து, இரு நாடுகளில் பரவிய உலகின் முதல் புவிப்பூங்காவானது, அதாவது நிலவியல் சிறப்புக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி. பாறைக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை அரசுகள் ஒப்புக்கொண்ட அபூர்வ நிகழ்ச்சி.

அதே மலையின் கேவன் பக்கத்தில் ஷானன் பாட் என்ற சிறு குளம். அயர்லாந்தின் மிக நீளமான ஆறான ஷானன், 360 கிலோமீட்டர், இங்கேதான் தொடங்குகிறது. ஞானம் தரும் கிணற்றை நாடி வந்த ஷானன் என்ற பெண்ணை அந்த நீரே பொங்கிவந்து வாரிக்கொண்டது என்பது பழங்கதை. குளத்துக்கு வரும் நீர் குயில்காவின் மேல் சரிவுகளில் பாறைக்குள் இறங்கியது என்பதைச் சாயம் கரைத்து ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஒரே மேகத்திலிருந்து அடுத்தடுத்து விழும் இரண்டு துளிகளில் ஒன்று எர்ன் வழியாக டோனெகல் விரிகுடாவுக்கும், மற்றொன்று லிமரிக் வழியாகத் தென்மேற்குக் கடலுக்கும் போகிறது. மலையில் நின்று இதை நினைத்துக்கொண்டால் அந்தப் படிக்கட்டுப் புகைப்படம் மிகச் சிறிய விஷயமாகத் தெரியும். பக்கத்திலேயே கேவன் பரன் பூங்காவில் கற்காலக் கல்லறைகளும் பனியாறு விட்டுப்போன பெரும்பாறைகளும் கிடக்கின்றன. ஒரு கல்லறையைப் பின்னாளில் யாரோ கன்றுக்குட்டிக் கொட்டிலாக மாற்றிக்கொண்டார்கள். கன்று வீடு என்றே அதற்குப் பெயர்.

கேவனில் இன்னும் ஓரிடம், க்ளோ ஊட்டர். ஊட்டர் ஏரியின் நடுவே, கோட்டையை மட்டும் தாங்கும் அளவுள்ள தீவில் 13-ஆம் நூற்றாண்டு வட்டக் கோட்டை. இங்கிலாந்துத் தளபதி கிரோம்வெல்லின் படைக்கு 1653-இல் கடைசியாக விழுந்த ஐரிஷ் அரண்களில் இது ஒன்று. பீரங்கி உடைத்த பக்கம் இன்றும் திறந்தே இருக்கிறது. சிறு துடுப்புப் படகில்தான் போக முடியும்.

மரங்களை விரும்புகிறவர்கள் ஃபிளாரன்ஸ் கோர்ட் தோட்டத்தைத் தவறவிடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் வில்லிஸ் என்ற குத்தகை விவசாயி குயில்கா சரிவில் யூ என்ற ஊசியிலை மரத்தின் இரண்டு விநோதமான நாற்றுகளைப் பார்த்தார். மற்ற யூ மரங்கள் அகலமாகப் படரும், இவை மட்டும் கிளைகளை நிமிர்த்தி மேல்நோக்கியே வளர்ந்தன. ஒன்றைத் தன் வீட்டில் நட்டார், மற்றொன்றை நிலவுடைமையாளருக்குக் கொடுத்தார். வீட்டில் வைத்தது பின்னாளில் பட்டுப்போனது. மாளிகைத் தோட்டத்தில் இருப்பது இன்றும் உயிரோடு இருக்கிறது. விதையிலிருந்து முளைப்பவை இந்த நிமிர்ந்த வடிவத்தைப் பெறுவதில்லை. கிளையை ஒடித்து நட்டால்தான் உண்டு. உலகெங்கும் கல்லறைத் தோட்டங்களில் தூண்களாக நிற்கும் ஐரிஷ் யூ மரங்கள் எல்லாம் இந்த ஒரு மரத்தின் கிளைகள்தான். ஆனால் தாய் மரத்தைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். ஈரமான காட்டின் நிழலில், காலகாலமாக வெட்டிக் கொடுத்ததில் கிளைகள் குலைந்து, உருக்குலைந்து நிற்கிறது. பலர் அதைப் பார்க்காமலேயே மாளிகையோடு திரும்பிவிடுகிறார்கள். தோட்டத்துக்காரரிடம் வழி கேளுங்கள், காட்டுவார்.

இந்த ஏரிகளின் நீர்மட்டம் இன்று தானாக ஏறி இறங்குவதில்லை. எல்லைக்கு அப்பால் பாலிஷானனில் நீர்மின் நிலையம் கட்டியபோது, ஒருவரோடொருவர் பேசவே விரும்பாத இரண்டு அரசுகள் 1950-இல் ஒரே விஷயத்துக்குத் தத்தம் சட்டமன்றங்களில் சட்டம் இயற்றின. ஒரு பக்கத்துக்கு மின்சாரம், மறு பக்கத்துக்கு வெள்ளத் தணிப்பு. அதற்காகப் பாலிஷானனின் பெயர்பெற்ற அருவி தண்ணீருக்குள் போய்விட்டது. அதை ஒரு நல்ல பேரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மேல் எர்ன் கரையில் வீடும் வயலும் வைத்திருக்கிறவர்களுக்கு என் வருத்தம் சோறு போடாது.

கடைசியாக, இந்தியக் கடவுச்சீட்டோடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஃபெர்மனா பிரிட்டனின் ஆட்சிப் பகுதி, கேவன் அயர்லாந்து குடியரசு. சாலையில் தடுப்பு எதுவும் இல்லை, எல்லை தாண்டியதே வேகப் பலகை மைலுக்கு மாறும்போதுதான் தெரியும். அதனால் விசா தேவையில்லை என்று அர்த்தமில்லை. குறுகிய காலச் சுற்றுலா விசாவில் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டத்தின் குறிப்பு இருந்தால், முதலில் விசா கொடுத்த நாட்டுக்குள் நுழைந்த பிறகு இரு பக்கமும் போகலாம். டப்ளினில் வேலை பார்த்துக் குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பிரிட்டன் விசா தனியாக எடுக்க வேண்டும். அது கிடைக்கும் வரை கேவன் பக்கத்தில் ஷானன் பாட், பரன் பூங்கா, க்ளோ ஊட்டர் மூன்றையும் பார்த்து முடிக்கலாம்.

படகுகள் கோடைப் பருவத்தில்தான் ஒழுங்காக ஓடும். ஆகையால் தங்கும் விடுதியைப் பதிவு செய்வதற்கு முன்பே டெவனிஷ், வொயிட் தீவுப் படகுகளின் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, அதை வைத்துப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள். மழைச் சட்டை எந்த மாதமானாலும் வேண்டும்.